நோவு காட்டாத காயம்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

கல்வியைக் கண் என்பர் ஆன்றோர். யாம் இன்று பேச வந்தது முகத்தில் உள்ள இரு கண்களைப் பற்றி.

நம் கோவளத்தில் உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. வாயிற்கதவும் சன்னல் கம்பியும் சில ஆண்டுகளிலேயே துருவேறிவிடுகின்றன. ஆகவே கிரில் பட்டறைகளுக்கு வேலை ஓய்வதில்லை. அவ்வேலைக்குச் செல்வோரில் நம் பிள்ளைகள் பலர்.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பத்தாம் வகுப்போடு நின்று, ஒரு வெல்டிங் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தார். அங்கிருந்த ஒரே கண்ணாடி மேஸ்திரிக்கு உரியது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரவில் கண்ணில் மண்ணை வாரிப் போட்டாற்போல் உறுத்தும். உருளைக்கிழங்கை அரிந்து வைத்துக்கொண்டு படுப்பார். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஆறு ஆண்டுகள் கழித்து எம்மிடம் வந்து, "ஐயா, நேரே பார்க்கிற எழுத்து மட்டும் மறைகிறது, சுற்றியிருப்பது தெரிகிறது" என்றார்.

நோவு தீர்ந்தது, ஆகவே தீங்கும் தீர்ந்தது என்று அவர் எண்ணியிருந்தார். அதுவே பிழை.

வெல்டிங் ஒளியில் இரு பகைவர் உளர். ஒன்று புற ஊதாக் கதிர். அது பெரும்பாலும் கண்ணின் முன்புறப் படலத்திலும் வில்லையிலும் தடைப்படும். இரவில் உறுத்துவது முன்புறப் படலத்தின் புண், அது ஆறும். மற்றொன்று நீல ஒளி. ஏறத்தாழ 400 முதல் 500 நானோமீட்டர் வரை அலைநீளம் உடையது. அது விழித்திரை வரை செல்லும். இளையோரின் வில்லை தெளிவானது. ஆதலால் முதியோரைவிட அவர்களுக்கு நீலம் மிகுதியாக உட்புகும். விழித்திரையிலோ நோவை உணரும் நரம்பு இல்லை. அங்கே உயிரணு மடிந்தாலும் கண் கலங்குவதில்லை.

விழித்திரையில் ரெட்டினல் என்றொரு பொருள் உண்டு. கீரையாலும் மீனாலும் நாம் பெறும் வைட்டமின் ஏ சத்திலிருந்து அது உண்டாகிறது. அஃதின்றிப் பார்வை இல்லை. ஆனால் ரெட்டினலும் அதன் கழிவுகளும் உள்ள இடத்தில் கடுமையான நீல ஒளி படுமானால், அருகிலுள்ள ஆக்சிஜன் கொடிய வடிவம் கொண்டு உயிரணுவின் சவ்வை அரிக்கிறது. கடற்கரைக் கம்பியைத் துரு தின்பதும் ஆக்சிஜனால்தான். கம்பியை மாற்றிவிடலாம், மடிந்த ஒளியுணர் அணுவை நம் உடல் மீண்டும் ஆக்குவதில்லை.

1976ஆம் ஆண்டு ஹாம், முல்லர், ஸ்லைனி என்னும் மூவர், குரங்குகளின் விழித்திரையைச் சோதித்து, அலைநீளம் குறையக் குறையத் தீங்கு பெருகுவதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

கைப்பேசியிலும் நீல ஒளிதானே என்று தாய்மார்கள் கேட்கலாம். 2018இல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் அஜித் கருணாரத்ன குழுவினர், ரெட்டினல் சேர்ந்த உயிரணுக்களை நீல ஒளி கொல்வதைக் கண்டனர். உடனே கைப்பேசி கண்ணைக் குருடாக்கும் என்று செய்திகள் பரவின. அச்சோதனை ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில் நடந்தது. உயிருள்ள மனிதக் கண்ணில் அன்று. திரையின் நீலம் வெயிலின் நீலத்திற்கு முன் மிகச் சிறிது. நீலத்தை வடிகட்டும் மூக்குக்கண்ணாடியால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்று, 17 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பு 2023இல் கூறியது. இரவில் கைப்பேசியை விலக்குங்கள், உறக்கம் காக்கப்படும். கண்ணாடிக்குக் காசைக் கொட்ட வேண்டா. அக்காசு பட்டறைப் பிள்ளைக்குப் பயன்படட்டும்.

இளைஞர்களே, ராடு பிடிப்பவர் மட்டுமன்றிக் கம்பி பிடிப்பவரும் ஷீல்டு அணிய வேண்டும். மின்சாரத்தின் அளவுக்கேற்ப 10 முதல் 13 வரை எண்ணிட்ட கறுப்புக் கண்ணாடி அதில் இருக்க வேண்டும். குளிர்க்கண்ணாடி உதவாது. சூரிய கிரகணத்திற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2019 டிசம்பர் 26 அன்று நம் ஊரில் கண்டதுபோன்ற பகுதி கிரகணத்தையும் வெறுங்கண்ணாலோ எக்ஸ்ரே படத்தாலோ பார்க்கலாகாது. நேர்ப்பார்வையில் மறைப்புத் தோன்றினால் காலந்தாழ்த்தாதீர்கள். தாம்பரத்தில் மின்ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே 1819இல் தோன்றிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

இறுதியாக எம் குறையையும் சொல்லிவிடுகிறோம். அந்த மாணவருக்கு வில்லையின் குவியத் தூரத்தைக் கணக்கிடக் கற்பித்தோம். வெல்டிங் ஒளியைப் பாராதே என்று ஒரு சொல் சொன்னோமில்லை. மேஸ்திரிக்கு ஒரு கண்ணாடி, கையாளுக்கு ஒன்றுமில்லை என்ற நிலையை நம் பிள்ளைகள் இனியும் பொறுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. பட்டறைக்குச் செல்லும் நம் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு ஷீல்டு வாங்கித் தருவதென இவ்வெள்ளி விழாவில் கழகம் தீர்மானிக்குமாயின், முதல் ஷீல்டின் விலையை யாம் தருகிறோம். படித்த கண்கள் பார்க்கவும் வேண்டும்.