சேவல் கொண்டையில் கறுப்புப் புள்ளியா?

இன்றைய கருத்துக்களத்தில் என்னைச் சேவலைப் பற்றிப் பேசச் சொன்னதும், "சிங்கப்பூரில் ஏது சேவல்?" என்று அரங்கத்திலேயே சிலர் சிரித்தீர்கள். வீவக வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் தரைவீட்டில் இருப்பவர்கள் சொந்தத்துக்குப் பத்துக் கோழி வரை வளர்க்கலாம். வெளிப்பறவை உள்ளே புகாத கூண்டு இருக்க வேண்டும். அது போக, பாசிர் ரிஸ், சின் மிங் பக்கமெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத சேவல்கள் புளோக்குகளுக்கு அடியில் உலாவுகின்றன.

2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூவில் 24 கோழிகளை அப்போதைய வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் பிடித்துக் கொன்றது உங்களுக்கு நினைவிருக்கும். கூவும் சத்தம் பற்றிய புகாரில் தொடங்கிய பேச்சு, பறவைக் காய்ச்சல் பயம் வரை போனது. அன்று முதல் சேவலின் முகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தாலே ஒரு கூட்டம் அலறுகிறது. இன்னொரு கூட்டம், "ஐயோ பாவம்" என்று கையால் தூக்கிக் கொஞ்சுகிறது. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. சேவற்கொடியோனைக் கும்பிடுகிற நமக்கு அதன் கொண்டையைப் பார்த்துப் படிக்கத் தெரிய வேண்டாமா?

கோழிக்கு வியர்க்காது. கொண்டையிலும் தாடியிலும் ஓடும் இரத்தத்தின் வழியாகத்தான் உடம்புச் சூட்டில் ஒரு பகுதி வெளியேறுகிறது. அதனால் உள்ளே கோளாறு என்றால் முதலில் அங்கே நிறம் மாறும். வெளிநாட்டுக் கோழிப் புத்தகங்களைப் புரட்டினால், கொண்டை நுனி கறுத்தால் பனிக்கடி என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் வெயிலில் பனிக்கு எங்கே போவது! இங்கே கறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: சண்டைக் காயம், அல்லது அம்மை.

சண்டைக் காயம் ஓரிரண்டு இடத்தில்தான் இருக்கும். காய்ந்த இரத்தம் தட்டையாக ஒட்டியிருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்தால் கரையும். அம்மை அப்படியில்லை. முதலில் வெளிறிய சின்னக் கொப்புளம். பிறகு மஞ்சளாகி, மரு மாதிரி தடித்து, கரும்பழுப்புப் பொருக்காக இறுகும். சில நாளில் கொண்டை, தாடி, கண்ணோரம் என்று பெருகும்.

இதைப் பரப்புவதில் முக்கியப் பங்கு கொசுவுக்கு. டெங்கிக்காகப் பூச்சட்டித் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்க்கும் நாம், கோழி குடிக்கும் கிண்ணத்தை மறந்துவிடுகிறோம். அம்மைக்குக் காரணம் கிருமியிலும் நுண்ணிய வைரஸ். ஆண்டிபயாடிக் அதைக் கொல்லாது. பொருக்கைப் பிய்த்துப் போடாதீர்கள். அதில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். பூசுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். நோயுற்றதைத் தனியாகப் பிரித்துக் கொசுவலைக்குள் வையுங்கள். கண் ஒட்டிக்கொண்டால் தீவனம் தெரியாமல் பட்டினியிலேயே செத்துவிடும். வெதுவெதுப்பான உப்பு நீரால் கண்ணைத் துடைத்துவிட வேண்டும். பெரும்பாலானவை மூன்று நான்கு வாரத்தில் தேறிவிடும். வாய்க்குள் மஞ்சள் படலம் கட்டி மூச்சு இழுத்தால் மட்டும் ஆபத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தேறியதை அதே அம்மை பெரும்பாலும் மறுபடி தாக்காது. மனிதருக்கு இது தொற்றுவதில்லை. தடுப்பூசியும் உண்டு, இறக்கை மடிப்பில் குத்துவார்கள்.

கொண்டையில் மாவு தூவியது போல வெள்ளைப் படலம் இருந்தால் அது படர்தாமரை வகைப் பூஞ்சை. தொட்டவர் கை கழுவ வேண்டும். கொண்டை வெளுத்திருந்தால் குடற்புழுவாக இருக்கலாம், செல்லாகவும் இருக்கலாம். சிவப்புச் செல் பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் வந்து இரத்தம் குடிக்கும். எனவே இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். கூண்டைச் சுத்தம் செய்யாமல் கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் வீண். காலில் செதில் தூக்கி நின்றால் அதுவும் ஒரு வகைச் செல்தான். வெந்நீரில் ஊறவைத்து வாசலின் தடவினால் போதும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

புலாவ் உபினில் காட்டுக்கோழி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சேதி. அதன் காதோர வெள்ளைத் திட்டு பூஞ்சை அல்ல, பிறவி அடையாளம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் பறவை கழுத்தின் பொன்னிற இறகை உதிர்த்துக் கறுப்பாகிவிடும், கொண்டையும் சுருங்கும். நோய் என்று எண்ணிவிடாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. கொண்டையும் தாடியும் வீங்கி ஊதா நிறமாவது, மூச்சுத் திணறல், ஒன்றன்பின் ஒன்றாகத் திடீர்ச் சாவு. வெள்ளைக்கழிச்சலாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். கண்ணால் பார்த்து எது என்று சொல்ல முடியாது, பரிசோதனைதான் சொல்லும். இறந்த பறவையைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். வளர்ப்பவர்கள் மீதிக் கோழிகளை உறவினர் வீட்டுக்கு மாற்றிவிட வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் இப்பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவிடம் இருக்கிறது. அன்றே அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.