'பிடிபட்டது' என்ற ஒரு சொல்

பாலிக் புலாவிலிருந்து ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியன் பேசுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கென்றே பத்திரிகைகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று 'சீயாக்'. மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைகளுக்காக 1944 ஜனவரி முதல் கல்கத்தாவில் அச்சான நாளிதழ் அது. பிராங்க் ஓவன் என்பவர் அதன் ஆசிரியர். 1945 மே மாதத்தில் ரங்கூன் பிடிபட்ட செய்தியை வீரர்கள் அதில் படித்தார்கள்.

'பிடிபட்டது' என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? தெருத்தெருவாகச் சண்டை நடந்திருக்கும் என்றுதானே? ஆனால், மே 3ஆம் நாள் 26ஆம் இந்தியப் படைப்பிரிவு ஆற்று வழியாக ரங்கூனுக்குள் வந்தபோது அங்கே ஜப்பானியப் படை இல்லை. அது சில நாட்களுக்கு முன்பே வெளியேறிவிட்டது. "ஜப்பானியர் போய்விட்டனர்" என்று சிறையிலிருந்த போர்க்கைதிகள் கூரைமேல் பெரிய எழுத்துகளில் எழுதி, விமானங்களுக்குத் தெரிவித்திருந்தார்கள்.

அப்படியானால், ஆள்வோர் இல்லாத அந்த நாட்களில் நகரத்தைக் காத்தவர் யார்? இந்திய தேசிய ராணுவத்தின் மேஜர் ஜெனரல் லோகநாதன். அவர் தமிழர், தொழிலால் மருத்துவர். ஏப்ரல் 24ஆம் நாள் ரங்கூனை விட்டுப் புறப்பட்ட நேதாஜி, 5,000 வீரர்களையும் நகரத்து இந்தியர்களின் பாதுகாப்பையும் அவரிடம் ஒப்படைத்துச் சென்றார். நம் தோட்டத்து இளைஞர்கள் பலர் சேர்ந்த ராணுவமல்லவா அது! அவர்கள் ஊரில் கொள்ளை நடக்காமல் காவல் காத்தார்கள்.

நேயர்களே, நம் பினாங்கின் கதையும் இதுபோன்றதுதான். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுனில் குண்டு போட்டன. சில நாட்களில் பிரிட்டிஷார் தங்கள் வெள்ளையரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற மக்களோ கைவிடப்பட்டார்கள். அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து, இலங்கையில் பிறந்த தமிழர், முன்வந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். "இங்கே பிரிட்டிஷ் படை இல்லை" என்று வானொலியில் ஜப்பானியருக்கு அறிவிக்கச் செய்தார். மேலும் குண்டு விழாமல் தடுக்க அதுவே வழி என்று கண்டார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் சண்டையின்றி உள்ளே வந்தார்கள்.

இரண்டு நகரங்களும் 'பிடிபட்டன' என்றே தலைப்பெழுத்து சொல்லும். இடைநாட்களில் ஊரைக் காத்தவர்களை அந்த ஒரு சொல் காட்டாது.

ஆகவே, செய்தித்தாளைப் படிக்கும்போது, "இது யாருக்காக எழுதப்பட்டது? இதில் யாருடைய கதை இல்லை?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள், ராணுவத்தில் சேர்ந்தவர்கள் பற்றி உங்கள் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் கதையை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?