பலர் சேர்ந்து அளிக்கும் உபகாரச் சம்பளம்

விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலை என்னும் பள்ளி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதனை நடத்துவதற்கு ஊர் மக்கள் கண்ட வழி பிடி அரிசித் திட்டம். உலையில் அரிசி இடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலத்தில் போட்டு வைப்பார்கள். அவ்வாறு சேர்ந்த அரிசியின் பயன் பள்ளியைச் சென்றடையும். காமராசர் சிறு வயதில் பயின்றது அந்தப் பள்ளியில்தான். ஒரு பிடி அரிசி ஒரு பிள்ளையின் கல்விக்கும் போதாது. ஆயினும் ஊரார் அனைவரும் நாள் தவறாமல் எடுத்து வைத்தமையால் ஒரு பள்ளிக்கூடமே நடந்தது.

நேயர்களே, அந்தப் பிடி அரிசியின் தத்துவம் இன்று இணையத்தின் வழியே உலகளாவிய உருக்கொண்டிருக்கிறது. உலக வங்கியில் பணியாற்றிய மாரி குரைஷி, டென்னிஸ் விட்டில் என்னும் இருவர் 2002இல் ‘குளோபல் கிவிங்’ என்னும் தளத்தைத் தொடங்கினர். நம் நாட்டில் ‘மிலாப்’ 2010இலும் ‘கீட்டோ’ 2012இலும் தோன்றின. இவற்றின் செயல்முறை எளியது. ஒரு தொண்டு நிறுவனமோ தனி மனிதரோ தேவையை விளக்கி, வேண்டிய தொகையைக் குறிப்பிட்டு, படத்துடன் வெளியிடுகின்றனர். எங்கெங்கோ வாழும் அன்பர்கள் நூறும் ஐந்நூறுமாக அனுப்புகின்றனர். நிர்வாகச் செலவுக்கென ஒரு பகுதி கழிந்தபின் எஞ்சிய பணம் உரியவரிடம் சேர்கிறது. வளர்முக நாடுகளின் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் அளிப்பதற்கு இந்த முறை இப்போது பெரிதும் பயன்படுகிறது.

இத்தகைய உதவி எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஆப்பிரிக்க நாடுகள் இரண்டின் அனுபவத்தால் அறியலாம். ஆன் காட்டன் என்னும் பிரிட்டிஷ் பெண்மணி 1991இல் ஜிம்பாப்வே நாட்டின் மோலா என்னும் சிற்றூருக்குச் சென்றார். அந்நாட்டின் கிராமங்களில் சிறுமியர் ஏன் உயர்நிலைப் பள்ளிக்கு வருவதில்லை என்பதை ஆராய்வது அவர் நோக்கம். பெற்றோரின் பழைய மனப்போக்கே காரணம் என்று பலரும் கருதி வந்தனர். ஆனால் அவர் கண்ட உண்மை வேறு. பெற்றோருக்குப் பெண் கல்வியில் வெறுப்பு இல்லை. கட்டணம் செலுத்தக் கையில் பணம் இல்லை. ஒரு பிள்ளைக்கு மட்டுமே செலவிட முடியும் என்னும் நிலையில், நாளை சம்பள வேலை கிடைக்கக்கூடிய பையனை அனுப்பினார்கள். இதை உணர்ந்த அப்பெண்மணி ஊர் திரும்பி, கேக் செய்து விற்றும் நண்பர்களிடம் கேட்டும் பணம் திரட்டினார். 1993இல் ‘காம்ஃபெட்’ என்னும் நிறுவனம் 32 சிறுமியரின் கல்விப் பொறுப்பை ஏற்று உருவாயிற்று.

மற்றொன்று கானா நாட்டின் செய்தி. அங்கே 2008இல் எஸ்தர் டஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரேமர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். மேல்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் பணமில்லாமையால் சேர முடியாதிருந்த 2,064 மாணவ மாணவியரைக் கண்டறிந்தனர். அவர்களுள் 682 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, நான்கு ஆண்டுகளுக்கும் உரிய முழு உபகாரச் சம்பளம் அளித்தனர். உதவி பெறாதவர்களுள் பாதிக்கும் குறைவானவர்களே மேல்நிலைக் கல்வியை முடித்தனர். உதவி பெற்றவர்களுள் ஏறத்தாழ நால்வரில் மூவர் முடித்தனர். உதவி பெற்ற பெண்களிடையே இளவயதில் தாயாகும் நிலையும் குறைந்தது. கானா அரசு 2017இல் மேல்நிலைக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது.

கானாவில் செலவிடப்பட்டது இணையத்தில் திரட்டிய பணம் அன்று. எனினும் இணையத்தின் வழி கொடுப்போர் அதிலிருந்து அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அங்கே அளிக்கப்பட்டது நான்காண்டுகளுக்கான உறுதி. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு இரண்டாம் ஆண்டில் கைவிட்டால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன ஆகும்? வேறு வேலைக்குப் போகும் வாய்ப்பையும் விட்டு, பள்ளிப் படிப்பையும் முடிக்காமல், நடு வழியில் நிற்கும். உபகாரச் சம்பளம் என்பது சில ஆண்டுகளுக்கு ஒரு குழந்தைக்கு நாம் அளிக்கும் வாக்கு. இணையத்தில் எழும் இரக்கமோ பெரும்பாலும் ஒரு கணத்தில் தோன்றி மறைவது. இவ்விரண்டையும் பொருத்துவதுதான் இந்த முறையின் முன்னுள்ள பெரும் பிரச்சினை.

இன்னொரு குறையும் உண்டு. படம் எவருடைய மனத்தை உருக்குகிறதோ அவருக்கே பணம் குவிகிறது. முகம் வாடிய சிறுமிக்கு இலக்குக்கு மேல் தொகை சேரும். அதே வகுப்பில் அதே வறுமையில் வாடும் மற்றொரு சிறுவனை எவரும் அறியார். மேலும், தன் வீட்டின் வறுமையை ஊரறியக் காட்டினால்தான் கல்வி கிடைக்கும் என்னும் நிலை ஒரு குழந்தையின் தன்மானத்துக்கு இழுக்கு. அந்தப் படமும் கதையும் இணையத்தில் பல்லாண்டு நிலைத்திருக்கும். அவள் வளர்ந்து ஆசிரியையாகவோ மருத்துவராகவோ ஆனபின்னும் எவரும் அதைத் தேடி எடுக்கலாம்.

ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்னும் முறையில் வேறு சங்கடங்களும் நேர்ந்துள்ளன. 1998இல் அமெரிக்காவின் ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழ் ஓர் உண்மையை வெளியிட்டது. மாலி நாட்டில் இறந்துவிட்ட சில குழந்தைகளின் பெயராலும் அன்பர்களிடமிருந்து பணம் தொடர்ந்து வாங்கப்பட்டு வந்தது! 2009இல் டேவிட் ரூட்மன் என்னும் ஆராய்ச்சியாளர் ‘கீவா’ என்னும் சிறுகடன் தளத்தைப் பற்றி எழுதினார். படத்தில் காணும் ஏழைக்கு நாம் பணம் தருமுன்னரே கடன் வழங்கப்பட்டு விடுகிறது என்றும், நம் பணம் உள்ளூர் நிறுவனத்தையே சேர்கிறது என்றும் அவர் விளக்கினார். அத்தளமும் தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. பணம் பொது நிதியில் சேர்வது குற்றமாகாது; பல பிள்ளைகளுக்கும் ஒழுங்காகப் பகிர்ந்தளிக்க அதுவே ஏற்ற வழி. அதை மறைக்காமல் சொல்வதே முறை.

ஆதலால் கொடுக்க விரும்பும் அன்பர்கள் சில வினாக்களைக் கேட்டறிதல் நலம். மாணவரைத் தேர்ந்தெடுப்பவர் யார், எந்த அளவுகோலால்? பணம் நேரே பள்ளிக்குச் செலுத்தப்படுகிறதா? கட்டணத்தோடு சீருடை, புத்தகம், போக்குவரத்துச் செலவும் கணக்கில் உள்ளனவா? அடுத்த ஆண்டுக்கு என்ன ஏற்பாடு? ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு வெளியிடப்படுகிறதா? இவற்றுக்கு விடை தரும் நிறுவனத்திடம் குழந்தையின் படம் இல்லாவிடினும் நம்பிக் கொடுக்கலாம்.

தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே கட்டணமில்லாக் கல்வியை உறுதி செய்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. அதற்குப்பின் செலவு செய்ய இயலாத கூலித் தொழிலாளர் குடும்பங்கள் நாம் குடியேறிய நகரங்களிலும் உண்டு, நாம் விட்டுவந்த ஊர்களிலும் உண்டு. இருபது பேர் கூடி மாதம் 200 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 48,000 ரூபாய் சேரும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்காண்டுகள் இதனைத் தொடர்வோம் என்று தொடக்கத்திலேயே உறுதி செய்துகொண்டால், இணையம் அந்தப் பணத்தை மாதந்தோறும் தவறாமல் சேர்க்கும் கருவியாகும். அந்த இருபது பேர் இருபது நகரங்களில் இருந்தாலும் தடையில்லை.

ஜிம்பாப்வேயில் முதன்முதலாக உதவி பெற்ற சிறுமியருள் ஒருவர் ஆஞ்செலின் முரிமிர்வா. அவர் பிற்காலத்தில் அதே காம்ஃபெட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியானார். உதவி பெற்றுப் படித்த பெண்கள் 1998இல் ஒரு சங்கம் அமைத்து, தம் ஊர்களில் வேறு ஏழைப் பிள்ளைகளைத் தம் பொருளால் படிக்க வைத்து வருகின்றனர். வாங்கிய கை கொடுக்கும் கையாக மாறிய காட்சி இது. அத்தகைய மாற்றத்துக்குப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலமும் கை தளராமல் ஒரு பிடி எடுத்து வைப்பவர்களே அதற்குரிய புண்ணியத்தை அடைவார்கள்.