வீட்டுக் கம்பியின் கணக்கு

தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் சேமநிதிப் பணத்தையும் போட்டுச் சொந்தமாக ஒரு வீடு கட்டுகிறோம். சுவருக்கு அடிக்கும் சாயத்தைப் பத்துத் தடவை பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நாம், தூணுக்குள் போகும் இரும்புக் கம்பியை ஒரு தடவையாவது பார்க்கிறோமா? சிமெண்டுக் கலவையை ஊற்றிவிட்டால் பிறகு பார்க்க முடியாது. ஆகவே, பிளானில் உள்ள கம்பிக் கணக்கைப் படிக்க நாம் தெரிந்துகொள்வது நல்லது.

பிளானில் '4டி12' என்று இருந்தால் என்ன பொருள்? முதல் எண், கம்பிகள் எத்தனை என்பது. நடு எழுத்து, கம்பியின் வகை. கடைசி எண், மில்லிமீட்டரில் அதன் குறுக்களவு. 'டி' என்பது உடம்பில் வரிவரியாகப் புடைப்பு உள்ள உறுதிக் கம்பி. 'ஆர்' என்பது வழவழப்பான மென் கம்பி. உறுதிக் கம்பி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுவையைத் தாங்கும். 'ஆர்6-150' என்றால், 6 மில்லிமீட்டர் கம்பியை வளைத்து, 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் கட்ட வேண்டும் என்பது பொருள். பழைய பிளான்களில் 'டி'க்குப் பதில் 'ஒய்' இருக்கும்; புதியவற்றில் 'எச்' இருக்கும்.

ஊருக்கு ஊர் இந்தக் குறி மாறும். ஆஸ்திரேலியாவில் 'என்12' என்பார்கள். ஜப்பானில் 'டி13' என்பது உண்மையில் 12.7 மில்லிமீட்டர். அமெரிக்காவில் 4-ஆம் எண் கம்பி என்றால் அங்குலத்தில் எட்டில் நான்கு பங்கு. நம் பெரியவர்கள் சொல்லும் நாலு நூல் கம்பிதான் அது.

10 என்ற ஓர் எண்ணையே பாருங்கள். நம் நாட்டில் அது 10 மில்லிமீட்டர். கனடாவின் '10எம்' கம்பியோ 11.3 மில்லிமீட்டர். அமெரிக்காவின் பழைய முறையில் 10-ஆம் எண் கம்பி ஏறக்குறைய 32 மில்லிமீட்டர்! எந்த நாட்டுக் கணக்கு என்று கேட்காமல் எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

12-க்குப் பதில் 10 போட்டால் என்ன ஆகும்? இரண்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ஆனால், கம்பியின் வலு அதன் வெட்டுப் பரப்பில் இருக்கிறது. பரப்பு 113 சதுர மில்லிமீட்டரிலிருந்து 79-க்கு இறங்கிவிடும். பத்தில் மூன்று பங்கு வலு போய்விட்டது!

சோதிக்க எளிய வழி நிறுத்துப் பார்ப்பது. குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. அதை வகுத்தால் 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய 10.7 கிலோ இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பியானால் 7.4 கிலோதான் நிற்கும்.

வகை, குறுக்களவு, எண்ணிக்கை, இடைவெளி: இந்த நான்கையும் பிளானோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டுமே கலவை ஊற்றச் சொல்வோம். ஐயம் இருந்தால் பிளான் வரைந்த பொறியாளரைக் கேட்போம். பணம் நம்முடையது, அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போவதும் நம் பிள்ளைகள்தாம்.