மருத்துவமனை நுண்ணுயிரியல் துறையின் பணியும் பொறுப்பும்

ஒரு மருத்துவமனையின் தரத்தைப் படுக்கைகளின் எண்ணிக்கையாலும் அறுவைக் கூடங்களின் வசதியாலும் மதிப்பிடுவது வழக்கம். நோயாளியோ அவருடன் வருவோரோ பெரும்பாலும் காணாத பகுதி ஒன்றும் அங்கு உண்டு. அதுவே நுண்ணுயிரியல் துறை. நோய்க்குக் காரணமான கிருமி எது, அதனைக் கொல்லும் மருந்து எது, அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகின்றதா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இத்துறையின் பணி. விடை உரிய காலத்தில் கிடைக்காவிடில், மருத்துவம் ஊகத்தின் வழியே நடைபெற வேண்டியதாகிறது.

இப்பணிக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலரா நோயாளிகளை ஆராய்ந்து, நோயை விளைவிக்கும் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். அக்கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே குடலிலிருந்து நீரைப் பெருக்கெடுக்கச் செய்கிறது என்பதை, அதே நகரில் பணியாற்றிய மருத்துவ அறிஞர் சம்புநாத் டே 1959இல் மெய்ப்பித்தார். முயலின் குடற்பகுதியைக் கொண்டு, எளிய வசதிகளுடன் செய்யப்பட்ட ஆய்வு அது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியும் மேற்கொண்ட ஆய்வே, எச்.ஐ.வி. தொற்று இந்தியாவிலும் உள்ளது என்பதை முதன்முதலில் வெளிப்படுத்தியது. நோயாளிகளிடமிருந்து பெற்ற மாதிரிகளை முறையாக ஆராய்ந்ததன் பயன்களே இவை.

ஆய்வு நடைபெறும் முறை

ஆய்வுக்கூடத்துக்கு இரத்தம், சிறுநீர், சளி, சீழ், தண்டுவட நீர் முதலிய மாதிரிகள் வந்து சேர்கின்றன. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறை இன்றும் முதற்படியாக விளங்குகிறது. சில நிமிடங்களில் கிருமிகள் ஊதா நிறமாகவோ சிவப்பு நிறமாகவோ நுண்ணோக்கியில் தென்படும். மூளைக்காய்ச்சல் போன்ற நோய்களில், இந்தச் சிறு குறிப்பே மருத்துவருக்கு வழிகாட்டும்.

அடுத்து, மாதிரி ஊட்டப் பொருளில் இடப்பட்டு, ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைக்கப்படுகிறது. மக்கள் ‘கல்ச்சர்’ என்று வழங்கும் ஆய்வு இதுவே. கிருமி வளர்ந்தபின் அதன் இனம் அறியப்படுகிறது. பின்னர், மருந்து ஊட்டிய சிறு காகித வட்டுகளைச் சுற்றி அது வளர்கிறதா, வளராது ஒதுங்குகிறதா என்பது அளந்து பார்க்கப்படுகிறது. இவ்வளவும் முடிய இரண்டு மூன்று நாட்கள் செல்லும். காசநோய்க் கிருமி வளர வாரங்கள் தேவை; ஆயினும் இன்றைய மரபணு முறைக் கருவிகள் அதனையும், ரிஃபாம்பிசின் மருந்தை அது எதிர்க்கிறதா என்பதையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கூறிவிடுகின்றன.

மாதிரியே அடிப்படை

எத்துணை சிறந்த கருவியும் தவறான மாதிரியிலிருந்து சரியான முடிவைத் தராது. சளிக்குப் பதிலாக உமிழ்நீர் அனுப்பப்பட்டால், வாயில் இயல்பாக வாழும் கிருமிகளே வளரும். சிறுநீர் மாதிரி அறை வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்தால், ஒரு சில கிருமிகள் பல்கிப் பெருகி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும். இரத்தம் எடுக்கும் இடத்தில் தோலை நன்கு தூய்மை செய்யாவிடில் தோலிலுள்ள கிருமியே குப்பியில் வளர்ந்து மருத்துவரை மயக்கும். எல்லாவற்றினும் மேலாக, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து செலுத்திய பின்னர் இரத்தம் எடுக்கப்படின், கிருமி உடலில் இருந்தும் குப்பியில் வளராமற் போகலாம்.

இதன் பொருள், முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதன்று. கடுமையான தொற்றில் சிறு தாமதமும் ஆபத்தானது. முதலில் இரத்த மாதிரி, உடனே மருந்து, முடிவு வந்தபின் தேவைக்கேற்ப மருந்து மாற்றம் என்பதே முறை. பல கிருமிகளைத் தாக்கும் கடுமையான மருந்தை நிறுத்தி, குறித்த கிருமிக்கு மட்டும் உரிய மருந்துக்கு மாற இம்முடிவே துணை செய்கிறது. வந்த அறிக்கை படிக்கப்படாமல் நோயாளியின் கோப்பில் உறங்குமானால், அதுவரை செய்த உழைப்பும் செலவும் வீணே.

ஒருவர் முடிவு, பலர் பாதுகாப்பு

இத்துறையின் பயன் ஒரு நோயாளியுடன் முடிவதில்லை. ஓராண்டில் கிடைத்த முடிவுகளைத் தொகுத்தால், அம்மருத்துவமனையில் எக்கிருமி எம்மருந்துக்குப் பணிகிறது என்னும் அட்டவணை உருவாகும். நாளை வரும் நோயாளிக்கு முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க இதுவே துணை. ஒரே விடுதியில் ஒரே வகைக் கிருமி பலரிடம் தோன்றினால், கைகழுவுதல் முதல் கருவிகளைத் தூய்மை செய்தல் வரை எங்கோ குறை உள்ளது என்று முதலில் எச்சரிப்பதும் இத்துறையே.

இப்பணியின் இன்றியமையாமையை உலக அளவிலான ஒரு மதிப்பீடு உணர்த்துகிறது. 2019இல் மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் நேரடியாக ஏறத்தாழ 12.7 லட்சம் இறப்புகளுக்குக் காரணமாயின என்பது அம்மதிப்பீடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் மருந்தெதிர்ப்பைக் கண்காணிக்கும் ஆய்வுக்கூட வலையமைப்பைத் தொடங்கியது. சில முக்கிய மருந்துகளின் விற்பனையை முறைப்படுத்தும் ‘எச் 1’ அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தேசியச் செயல்திட்டம் 2017இல் வெளியிடப்பட்டது. 2021இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கட்டமைப்புத் திட்டம், மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த பொதுச் சுகாதார ஆய்வுக்கூடம் அமைப்பதை நோக்கமாகக் கொண்டது.

இத்திட்டங்கள் பயன்தர, கட்டடமும் கருவியும் மட்டும் போதா. பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் வேண்டும். ஊட்டப் பொருளும் மருந்து வட்டுகளும் இடையறாது கிடைக்க வேண்டும். தாலுகா மருத்துவமனையில் எடுத்த மாதிரி உரிய நேரத்தில் மாவட்ட ஆய்வுக்கூடத்தை அடைய வாகன ஏற்பாடு வேண்டும். உயிருக்கு ஆபத்தான முடிவு அச்சாகும்வரை காத்திராமல் தொலைபேசி வழியே மருத்துவரை எட்ட வேண்டும். ஒதுக்கீடு செய்யும் அலுவலர் கருவியின் விலையுடன் இவற்றின் செலவையும் கணக்கிடுதல் அவசியம்.

மருத்துவ மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. மாதிரிக் குப்பியின் மீது நோயாளியின் பெயர், மாதிரி எடுத்த நேரம், எடுத்த இடம் ஆகியவற்றையும், உடன் அனுப்பும் படிவத்தில் முன்பே கொடுத்த மருந்தையும் தெளிவாக எழுதுவது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் ஆய்வுக்கூடம் தன் முடிவுக்குப் பொருள் காண்பது அக்குறிப்புகளைக் கொண்டே. ஆற்றல் மிக்க மருந்துகளும் நாளடைவில் பயனற்றுப் போகும் இக்காலத்தில், எஞ்சியுள்ளவற்றைக் காக்கும் பொறுப்பு ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமின்றி, மாதிரி எடுக்கும் கைக்கும் அறிக்கையைப் படிக்கும் கண்ணுக்கும் உரியதாகும்.