ஆன்மா: மூச்சாக இருந்த ஒரு சொல்



இந்த நினைவேந்தல் அழைப்பிதழின் மாதிரிப் படியில், அச்சகத்தார் வழக்கம்போல 'ஆன்மா சாந்தியடைய' என்று சேர்த்திருந்தார். தோழர்கள் அந்த வரியை எடுக்கச் சொன்னார்கள். "செத்தவருக்குப் போடுகிற வரியில் என்னங்க தப்பு?" என்று அவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

ஆன்மா என்பது 'ஆத்மன்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். ரிக் வேதத்தில் அதற்கு மூச்சு என்ற பொருள் உண்டு. ஜெர்மன் மொழியில் மூச்சைக் குறிக்கும் 'ஆட்டெம்' அதன் உறவுச் சொல். நம் தமிழிலும் 'உயிர்த்தல்' என்றால் மூச்சுவிடுதல்தான். மூச்சில் உயர்ந்தவர், தாழ்ந்தவர் கிடையாது.

உபநிடதங்களில் அச்சொல் அழிவில்லாத ஒன்றைக் குறிக்கலாயிற்று. அது உடல்விட்டு உடல் மாறும் என்ற எண்ணத்தோடு கர்மமும் சேர்ந்தது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயம், நன்னடத்தை உள்ளவர் பிராமணர், சத்திரியர், வைசியர் கருவில் பிறப்பர் என்கிறது. தீய நடத்தை உள்ளவர் நாய், பன்றி, சண்டாளர் கருவில் பிறப்பர் என்கிறது. நம்மை எந்த வரிசையில் வைத்தார்கள் என்று பாருங்கள். நமக்கே தெரியாத பிறவியில் செய்த குற்றத்துக்கு இந்தப் பிறவியில் தண்டனை. ஒடுக்கியவர்மேல் பழியே இல்லை.

புத்தர் இதை மறுத்தார். நிலையான ஆன்மா இல்லை என்ற அவர் போதனைதான் பாலியில் 'அனத்தா'. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அண்ணல் அம்பேத்கர், ஆன்மா இல்லையென்றால் கர்மமும் மறுபிறப்பும் எப்படி என்று கேட்டார். முற்பிறவிக் கர்மம் என்பது, ஏழை எளியோரின் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கவே உதவும் என்றும் எழுதினார். அவர் மறைந்தபின் 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இரண்டும் உள்ளன.

அந்தத் தப்பித்தல் இன்றும் நடக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-ல் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. நச்சுவாயுவில் மூச்சுத் திணறிச் செத்தவரின் படத்துக்குக் கீழும் அதே வரியைத்தான் அச்சடிக்கிறோம்.

அவருக்குத் தேவைப்பட்டது மூச்சு. அதைப் பறித்தவர்கள் பெயர் சொல்லக்கூடிய மனிதர்கள்: ஒப்பந்தக்காரர், அதிகாரி, பார்த்துக்கொண்டிருக்கும் நாம். சாந்தி கேட்டு முடித்துவிட்டால் இந்தக் கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் அந்த வரியை எடுத்தோம்.