செப்பேடு காவாத இசை

(சின்னமனூரில் திங்கள்தோறும் கூடும் இசையன்பர் அவையில் ஆற்றிய பொழிவு)

 

இவ்வவையின் வழக்கம் நீங்கள் அறிந்ததே. அண்மையில் தாம் கேட்டு மகிழ்ந்த இசையைத் திங்களுக்கொருவர் கொணர்ந்து, ஏனையோரும் கேட்டு மகிழச் செய்தல் வேண்டும். இத்திங்கள் அக்கடமை எனக்கு வாய்த்தது. யான் இசைவாணன் அல்லேன். முப்பது ஆண்டு பள்ளியில் தமிழ் பயிற்றியவன். யான் பாடினால் உங்கட்குத் துன்பம், எனவே பேசுகின்றேன். பாட்டுகளை என் பேத்தியின் கைப்பேசி பாடும்.

நான்கு பாட்டுகளைக் கொண்டுவந்துள்ளேன். மூன்று முழுமையானவை. நான்காவது பாதிப் பாட்டு. அப்பாதியைப் பற்றிப் பேசுதற்கே யான் இங்கு வந்துள்ளேன். ஆயினும் முழுமையானவற்றை முதற்கண் கேட்போம்.

முதற்பாட்டு, மதுரையிற் பிறந்த எம்.எசு. சுப்புலட்சுமி அம்மையார் பாடியது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் உள்ளது. இசையறிஞர் எசு. இராமநாதன் பல பண்களை மாலையாகக் கோத்து அமைத்துத் தந்தது. சிலப்பதிகார இசையையே ஆய்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்ற பெருமகனார் அவர். நீங்கள் பலமுறை கேட்ட பாட்டுத்தான். யானும் பலமுறை கேட்டவனே. ஆயின் இம்முறை கேட்டபோது, அப்பாட்டுப் பிறந்த இடம் என் நெஞ்சில் தைத்தது.

அவ்விடம் யாது? மதுரைப் புறஞ்சேரியில் ஆயர் பாடி. குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர் வடிகின்றது. ஆவின் கழுத்து மணி அறுந்து வீழ்கின்றது. ஏதோ தீங்கு வருகின்றது என்று உணர்கின்றாள் மாதரி. உணர்ந்தவள் என் செய்தாள்? அழவில்லை, ஓடவில்லை. ஏழு பெண்களை அழைத்து வட்டமாக நிறுத்தினாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று அவ்வெழுவர்க்கும் ஏழு நரம்பின் பெயரை இட்டாள். கைகோத்து ஆடினர்; பாடினர். கோவலனுக்கு நேர்ந்ததைக் கண்ணகி அப்பொழுது அறியாள். துயரம் வாயிலில் நிற்கும்போதும் பாட்டை நாடிய குலம் நம் குலம்.

பெரியோர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். மாதரியின் இசை ஏட்டில் இல்லை. யாழிலும் இல்லை. ஏழு பெண்களிடத்தில் இருந்தது. ஒருத்தி கையை விட்டால் வட்டம் அறும். ஒரு நரம்பு அறும். ஈதன்றோ இசையின் உண்மை நிலை!

இரண்டாவது பாட்டு, குடந்தை ப. சுந்தரேசனார் குரலில் அமைந்தது. 1914-இல் பிறந்து 1981-இல் மறைந்த அப்பெரியார், பழந்தமிழ்ப் பாட்டு ஓதற்கு மட்டும் உரியதன்று, பாடுதற்கு உரியது என்று ஊர் ஊராகச் சென்று பாடியே மெய்ப்பித்தவர். ஆரவாரம் இல்லாத குரல். சொல் சிதையாத குரல். அவர் மறைந்து நாற்பதாண்டு கடந்தும் யாரோ சிலர் அன்று பதிந்து வைத்த ஒலிநாடாக்களால் அக்குரலை இன்று வலையொளியிற் கேட்கின்றோம். அன்று பதிந்தவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பாடியவரைப் போற்றும் நாம், பதிந்தவரையும் போற்றுதல் வேண்டும்.

மூன்றாவது பாட்டு நம் பக்கத்து ஊர்க்காரர் தந்தது. பண்ணைப்புரத்து இளையராசாவைச் சொல்கின்றேன். அவர்தம் தமையனார் பாவலர் வரதராசன் ஊர் ஊராகப் பாடிய மேடைகளிலே இசை பழகியவர். 1976-இல் அன்னக்கிளி வந்தபோது, நம் வயற்காட்டு இசை நாடெங்கும் ஒலித்ததை மூத்தோர் மறந்திரார். அதே ஆண்டில் வெளிவந்த பத்திரகாளி என்னும் படத்தில், குழந்தையைத் தாலாட்டுவது போன்ற பாட்டு ஒன்று உண்டு. அதனைத்தான் என் பேத்தி சென்ற திங்கள் முழுதும் வீட்டில் ஒலிக்கவிட்டாள்.

அப்பாட்டு இன்று மோகனம் என்று வழங்கும் பண்ணில் அமைந்தது. ஏழு நரம்பில் உழையும் தாரமும் நீங்கி, குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி என்னும் ஐந்தே நரம்பு கொண்டது. ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத் தீம்பாணி இதுவே என்று இசையறிஞர் பலர் கண்டு கூறியுள்ளனர். மாதரியின் பெண்கள் பாடிய பண், பேத்தியின் கைப்பேசியில் ஒலிக்கின்றது. அதனை அவளிடம் கூறியபோது, "அப்படியா தாத்தா!" என்று மீண்டும் ஒருமுறை கேட்டாள். முன்னரும் அப்பாட்டை அவள் விரும்பினாள். அதன் பெயரை அறிந்தபின் அதனோடு உறவு கொண்டாள். கேட்ட இசையைப் பகிர்வது என்பது ஒலியை மட்டும் கைமாற்றுவதன்று. அதன் பெயரையும் பிறப்பையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

இவ்வைந்து நரம்பு நமக்கு மட்டும் உரியது என்று தருக்குதல் வேண்டா. சீனத்துப் பழம்பாடல்களில் இது உண்டு. இசுக்காட்டுலாந்து நாட்டுப்புறப் பாடல்களில் உண்டு. பியானோ என்னும் மேலையிசைக் கருவியில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டு வாருங்கள். அங்கும் இவ்வைந்தே ஒலிக்கும். மாந்தன் ஆடு மாடு மேய்த்த இடந்தோறும் இப்பண் முளைத்துள்ளது போலும். ஆயின் அதற்கு முல்லை என்று பெயரிட்டு, காட்டோடும் காரோடும் மாலைப் பொழுதோடும் பொருத்தி வைத்தவன் தமிழன். இப்பள்ளத்தாக்கை வாழ்விக்கும் ஆற்றுக்கும் முல்லை என்னும் பெயர் வாய்த்துள்ளது. அதில் ஆழ்ந்த பொருள் தேட யான் முனையவில்லை. ஆயினும் மகிழ்ச்சி ஏன் கொள்ளக் கூடாது?

இனி நான்காவது பாட்டு.

கூடலூர் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நிலம் முல்லைப் பெரியாற்று நீரால் ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும் நிலம். அந்நிலத்தில் ஒவ்வொரு நடவும் ஒரு காலத்தில் பாட்டாகவே நடந்தது. முதல் நாற்று ஊன்றும்போது குலவை. பின்பு ஒருத்தி பாட, மற்றவர் எதிர்ப்பாட்டுப் பாட, குனிந்த முதுகோடு பின்னோக்கி நகர்ந்து நடுவர். பாட்டின் அளவே கையின் அளவு. பாட்டு விரைந்தால் நடவு விரையும். பாட்டு நின்றால் இடுப்பு வலி தெரியும்.

என் தாய் நடவுக்காரி, முன்னின்று பாடுபவள். அவள் பாட்டைக் கேட்டே எங்கள் தெருப் பெண்கள் நட்டனர். அவள் கூலியில்தான் யான் படித்தேன், ஆசிரியன் ஆனேன். முப்பது ஆண்டு ஆய்ச்சியர் குரவையை மாணவர்க்கு நடத்தினேன். ஏழு நரம்பின் பெயரையும் மனப்பாடம் செய்வித்தேன். ஒருநாளேனும் என் தாயின் அருகில் அமர்ந்து, "அம்மா, அந்த நடவுப் பாட்டைப் பாடு" என்று கேட்டேன் அல்லேன். வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது. பட்டிமன்றங்களைப் பதிந்து வைத்தேன். தாயைப் பதியவில்லை. அவள் மறைந்தாள். இன்று என் நினைவில் எஞ்சியிருப்பது ஒன்றரை அடி. அதுவும் இசை தவறியது.

சென்ற திங்கள், எங்கள் தெருவில் எண்பது கடந்த ஒரு மூதாட்டியிடம் பேத்தியோடு சென்றேன். அவர் என் தாயோடு நட்டவர். பாட்டைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்பு கூறியதை அவர் சொல்லிலேயே கூறுகின்றேன்: "தம்பி, ஒங்க ஆத்தா பாடுவா, நான் எதிர்ப்பாட்டுப் படிப்பேன். அவ படிச்சது எனக்குத் தெரியாது. பதில் மட்டுந்தேன் தெரியும்."

அப்பதிலைத்தான் பாடினார். இப்பொழுது கேளுங்கள்.

(ஒலிப்பதிவு இசைக்கப்பெற்றது.)

இடையிடையே அவர் நிறுத்துவதைக் கேட்டீர்கள். மூச்சு வாங்குதற்கு நிறுத்தினார் என்று எண்ண வேண்டா. என் தாய் பாட வேண்டிய இடம் அது. அவ்விடத்தில் அவர் தலையை மட்டும் அசைத்தார். அவர் செவியில் என் தாய் பாடினாள். என் செவியில் ஒன்றும் இல்லை. பதில் இருக்கின்றது, கேள்வி மறைந்துவிட்டது. என் பேத்தி ஆர்மோனியத்தில் தொட்டுப் பார்த்து, "தாத்தா, இதுவும் அந்த அஞ்சு நரம்புதான்" என்றாள். யான் விடை கூறும் நிலையில் இல்லை.

சின்னமனூர்க்கு ஒரு பெரும்புகழ் உண்டு. பாண்டியர் செப்பேடு கிடைத்த ஊர் இது. மதுரையில் கழகம் நிறுவியதையும், மாபாரதத்தைத் தமிழாக்கியதையும் ஆயிரம் ஆண்டாகக் காத்து வைத்துக் கூறிய செப்பேடு அது. ஆயின் செப்பேடு சொல்லைக் காக்கும், இசையைக் காவாது. சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதர் 1892-இல் அச்சேற்றினார். பாட்டின் சொற்கள் கிடைத்தன. பாடிய முறை கிடைக்கவில்லை. அதனை மீட்பதற்காக ஆபிரகாம் பண்டிதர் தம் வாழ்நாளையும் பொருளையும் ஈந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். ஈழத்து விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-இல் யாழ்நூல் தந்தார். இத்துணைப் பெரியோர் இத்துணை உழைத்தது எதற்கு? இடையில் ஒரு தலைமுறை, தன் தாயிடம் கேளாமல் விட்டதற்கு. யான் செய்த பிழையை எனக்கு முன்னரே யாரோ செய்துவிட்டனர். அதற்கான கடனை அவர்கள் தீர்த்தனர்.

இசைக்குச் செவியே ஏடு, வாயே எழுத்தாணி. அன்று மாதரிக்கு ஏழு பெண்கள் இருந்தனர். நம் தெருவில் எஞ்சியிருப்பவர் ஒருவர். நடவுப் பொறி வயலுக்கு வந்துவிட்டது. முதுகு வலி தீர்ந்ததே என்று அதனை வரவேற்கின்றேன். என் தாயின் முதுகை யான் அறிவேன். ஆயின் பொறிக்கு எதிர்ப்பாட்டுத் தேவையில்லை. வயலில் பாடுதற்கு இடம் இல்லையாயின், பாட்டுக்கு நம் அவையில் இடம் வேண்டும்.

ஆகவே, என் வேண்டுகோள் இது. அடுத்த கூட்டத்திற்கு வரும் ஒவ்வொருவரும், கடையில் வாங்கியதோ வலையில் கண்டதோ மட்டும் அன்றி, தம் வீட்டு மூத்தோர் பாடும் ஒரு பாட்டைப் பதிந்து கொண்டு வருக. தாலாட்டு ஆகட்டும், ஏற்றப்பாட்டு ஆகட்டும், ஒப்பாரி ஆகட்டும். பாடியவர் யார், எவ்வூரில், எந்த வேலையின்போது, யாரிடம் கற்றார் என்னும் நான்கையும் எழுதிக் கொணர்க. இளையோரே, நீங்கள் பதிந்தால் மட்டும் போதாது. ஓரடியேனும் பாடப் பழகுக. கருவியில் இருப்பது பதிவு. தொண்டையில் இருப்பதே பாட்டு.

இன்னும் ஒன்று. இவ்வவையில் என் தாய் வயதை ஒட்டிய அம்மையார் சிலர் அமர்ந்திருக்கின்றீர். மூதாட்டியார் நிறுத்திய இடங்களில், உங்களில் யாருக்கேனும் அந்த முன்பாட்டுத் தெரியுமாயின், கூட்டம் முடிந்தபின் என்னிடம் வாருங்கள். அந்த ஒலிப்பதிவில் இடத்தை வெறுமையாகவே விட்டுவைத்திருக்கின்றோம்.

வாழ்க தமிழிசை!